உப்பு, சாம்பல், கரி: கேமராவுக்கு மூணும் ஒண்ணுதான்

வள்ளூர் அணைக்கட்டைத் தாண்டிய பிறகு கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கிப் போகிறது. அந்த வழியில் ஒரு கரையைத் தேர்ந்தெடுத்து, ஒரே இடத்தில் நின்று, மாதம் ஒரு படம் வீதம் ஒரு வருஷம் எடுத்தேன். கரையில் படிந்திருக்கும் சாம்பல் கூடுகிறதா குறைகிறதா, தண்ணீரின் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது நோக்கம். சாம்பல் யாருடையது என்பது வேறு விவாதம். எண்ணூர்ப் பகுதிச் சாம்பல் பற்றி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. எனக்கு வேண்டியிருந்தது எளிமையான ஒரு பதிவு, அவ்வளவுதான்.

வருஷக் கடைசியில் 12 படங்களையும் திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றில் கரை வெள்ளையாக இருந்தது. அடுத்ததில் அதே கரை ஈயம் மாதிரி. ஒரு மாதம் தண்ணீர் நீலம், இன்னொரு மாதம் பழுப்பு. மாறியது ஆறா, கேமராவா? என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு வருஷ உழைப்பு, பதில் பூஜ்யம்.

உண்மையில் முதல் எச்சரிக்கை முன்னமே வந்திருந்தது. மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கேமராவின் பின்திரையை எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, இதுல சோக்கா கீது? நேர்ல இப்டியா கீது?" என்றார். நான் சிரித்துவிட்டு, "நல்ல கேமரா அண்ணே" என்றேன். அவர் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று புரிய எனக்கு இன்னும் ஒன்பது மாதம் ஆனது.

தப்பு கேமராவில் இல்லை, ஆட்டோ மோடை நம்பிய என்னிடம்தான். அதற்கப்புறம் உட்கார்ந்து அடிப்படையிலிருந்து படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நிறையப் பேர் "எந்த கேமரா வாங்கலாம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதை விட்டுவிட்டு "கேமரா என்ன யூகிக்கிறது" என்று ஆரம்பித்தால் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம் என்பது என் அனுபவம்.

மொட்டை மாடிச் சோதனை

வள்ளூர், அத்திப்பட்டு வட்டாரத்தில் கண்ணில் படுகிற பொருள்கள் மூன்று: உப்பளத்து உப்பு, நிலக்கரி, நிலக்கரி எரிந்த சாம்பல். வள்ளூர் அனல் மின் நிலையம் மட்டுமே 1500 மெகாவாட், அதாவது 500 மெகாவாட் யூனிட் மூன்று. எனவே கரிக்கும் சாம்பலுக்கும் பஞ்சமே கிடையாது. இந்த மூன்றையும் வைத்தே சோதனை செய்தேன். நீங்களும் வீட்டில் செய்யலாம்.

மூன்று தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கல் உப்பு, ஒன்றில் சாம்பல் செங்கல்லைச் சுரண்டிய தூள், ஒன்றில் அடுப்புக்கரி. நல்ல வெயிலில் வையுங்கள். கேமராவை ஆட்டோவில் வைத்து, ஒவ்வொரு தட்டையும் ஃபிரேம் முழுக்க வேறு எதுவும் தெரியாதபடி தனித்தனியாகப் படம் எடுங்கள். இப்போது மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறமாக இருக்கும்! உப்பு அழுக்காகத் தெரியும். கரி வெளுத்துப்போய்த் தெரியும். சாம்பல் மட்டும் ஏறக்குறைய சரியாக இருக்கும். (இப்போதைய போன்களில் காட்சியை அடையாளம் காணும் மென்பொருள் இருப்பதால் வித்தியாசம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். தனி கேமராவில் பளிச்சென்று தெரியும்.)

ஏன் இப்படி? கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, பொருளில் பட்டுத் திரும்பி வரும் ஒளியை மட்டுமே அளக்கிறது. குறைந்த வெயிலில் இருக்கும் உப்பா, கொளுத்தும் வெயிலில் இருக்கும் கரியா என்று அதற்குத் தெரிய வழியில்லை. அதனால் ஒரு யூகம் செய்கிறது: "என் முன்னால் இருப்பது சராசரியாக நடுத்தரச் சாம்பல்." புகைப்படக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் எண் 18 சதவீதம். அதாவது விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருள்.

மரம், தெரு, மனிதர்கள் என்று கலந்து இருக்கும் காட்சிக்கு இந்த யூகம் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உப்பு 80 சதவீதம் போலத் திருப்பி அனுப்புகிறது, கரி 5 சதவீதம் போல. கேமரா இரண்டையும் இழுத்து 18-இல் உட்கார வைக்கிறது. உப்பளம், வெள்ளைக் கொக்கு, சாம்பல் படிந்த கரை, கரிக் குவியல் எல்லாமே இந்த யூகம் தோற்கிற இடங்கள். என் ஆற்றுப் படங்களில் நடந்ததும் இதுதான். வானம் அதிகம் வந்த மாதம் கரை இருண்டது, இருண்ட தண்ணீர் அதிகம் வந்த மாதம் அதே கரை வெளுத்தது.

ஸ்டாப் என்னும் அளவுகோல்

இதைச் சரிசெய்ய ஒரு அளவுகோல் வேண்டும். புகைப்படக் கலையில் அதன் பெயர் ஸ்டாப். ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரண்டு மடங்கு, ஒரு ஸ்டாப் குறைத்தால் பாதி. சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இது பழகிய சமாச்சாரம், இரண்டின் அடுக்கு. 80-க்கும் 5-க்கும் வித்தியாசம் 16 மடங்கு, அதாவது 4 ஸ்டாப். நடுவிலிருக்கும் 18-இலிருந்து உப்பு ஏறக்குறைய 2 ஸ்டாப் மேலே, கரி ஏறக்குறைய 2 ஸ்டாப் கீழே.

ஆக, உப்பைப் படம் எடுக்கும்போது கேமராவிடம் "நீ நினைப்பதைவிட 2 ஸ்டாப் கூட்டு" என்று சொல்ல வேண்டும். கரிக்கு "2 ஸ்டாப் குறை". கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பட்டன் இருக்குமே, அது இதற்குத்தான். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்பார்கள். வெள்ளையைக் கூட்டு, கறுப்பைக் குறை. முதலில் தலைகீழாகத் தோன்றும், சோதனை செய்து பார்த்தால் மறக்காது.

ஸ்டாப்பைக் கூட்டிக் குறைக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது ஷட்டர். ஒளியை எவ்வளவு நேரம் உள்ளே விடுகிறோம் என்பது. 1/100 விநாடியை 1/200 ஆக்கினால் ஒளி பாதி. நேரம் குறைந்தால் அசைவு உறையும், கூடினால் குழம்பும்.

இரண்டாவது அபர்ச்சர். லென்ஸின் துவாரம் எவ்வளவு பெரிது என்பது. இதில்தான் எல்லோரும் குழம்புவார்கள், நானும் குழம்பினேன். எண் பெரிதானால் துவாரம் சிறிது. காரணம் இது ஒரு வகுத்தல்: லென்ஸின் குவியத் தூரத்தை துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வரும் எண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப்/2 என்றால் விட்டம் 25 மில்லிமீட்டர், எஃப்/4 என்றால் 12.5. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி, எனவே ஒளியும் கால்வாசி, அதாவது 2 ஸ்டாப். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று விநோதமாக எண்கள் வருவதற்கும் இதுதான் காரணம். ஒவ்வொரு படியும் இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கியது, ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகும். துவாரம் சிறிதானால் முன்னும் பின்னும் அதிக தூரம் கூர்மையாகத் தெரியும்.

மூன்றாவது ஐஎஸ்ஓ. இது மற்ற இரண்டைப் போல அல்ல. ஒரு துளி ஒளியைக்கூட இது கூடுதலாக உள்ளே விடாது, உள்ளே வந்த ஒளியின் சிக்னலைப் பெருக்கிக் காட்டும். ரேடியோவில் வால்யூம் கூட்டுவது மாதிரி. ஸ்டேஷன் சிக்னல் சரியில்லையென்றால் வால்யூம் கூட்டும்போது இரைச்சலும் சேர்ந்து கூடும்.

ஒளிமானி இல்லாத காலத்து விதி

இந்த மூன்றையும் கையால் வைப்பதென்றால் எந்த எண்ணை வைப்பது? ஃபிலிம் காலத்து விதி ஒன்று இருக்கிறது. தெளிந்த வானம், உச்சி வெயில் என்றால் எஃப்/16 வை, ஷட்டரை ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழாக வை. ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 விநாடி. எஃப்/8 வேண்டுமா? 2 ஸ்டாப் திறந்துவிட்டோம், அதனால் ஷட்டரில் 2 ஸ்டாப் குறைக்க வேண்டும்: 1/400.

இந்த விதியின் அழகு என்னவென்றால், இது பொருளைப் பற்றிக் கேட்கவே இல்லை. சூரியனைப் பற்றி மட்டுமே கேட்கிறது. உப்பின் மேலும் கரியின் மேலும் விழுவது அதே வெயில்தானே? அதனால் மேனுவல் மோடில் எஃப்/8, 1/400, ஐஎஸ்ஓ 100 வைத்துவிட்டு மூன்று தட்டையும் மறுபடி எடுத்தேன். உப்பு வெள்ளை, கரி கறுப்பு, சாம்பல் சாம்பல். கேமரா அதேதான். யூகத்தைப் பிடுங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

சென்சார் எண்ணுகிறது

இனி உள்ளே போவோம். சென்சார் என்பது பல லட்சம் சின்னச் சின்னக் கிண்ணங்கள் கொண்ட தட்டு. மழை பெய்யும்போது மொட்டை மாடி முழுக்க டம்ளர்களை வரிசையாக வைத்து, மழை நின்றதும் ஒவ்வொன்றிலும் எவ்வளவு நீர் என்று அளந்து குறித்துக்கொள்வது மாதிரி. மழைத்துளிக்குப் பதில் ஒளித்துகள், நீருக்குப் பதில் எலக்ட்ரான்.

இந்த ஒப்புமையிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, டம்ளர் நிரம்பி வழிந்தால் எவ்வளவு வழிந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. படத்தில் வெந்துபோன வெள்ளை வானம் அதுதான். எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது. இரண்டு, தூறல் எப்போதுமே சீராக விழாது. பக்கத்துப் பக்கத்து டம்ளர்களில்கூட வித்தியாசம் இருக்கும். சராசரியாக 100 ஒளித்துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 10. பத்து சதவீதம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, ஒரு சதவீதம்தான். இருட்டில் எடுத்த படம் புள்ளி புள்ளியாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஐஎஸ்ஓவைக் கூட்டியது குற்றமில்லை, ஒளி குறைவாக வந்ததுதான் குற்றம்.

அப்படியானால் வழியாத அளவுக்கு நிறைய ஒளி சேர்ப்பதே நல்லது. வழிகிறதா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஹிஸ்டோகிராம். இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை, உயரம் என்பது அந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல். வலது சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் டம்ளர் வழிகிறது. வெயிலில் பின்திரையைப் பார்த்து ஏமாறாமல் இந்த வரைபடத்தைப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

வானம் வெந்துபோவது புதுப் பிரச்சினையும் இல்லை. 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். அந்தக் கால வேதிப்பொருள்கள் நீல ஒளிக்குத்தான் அதிகம் வினைபுரியும், அதனால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் நெகடிவ் மேலேயே தூரிகையால் மேகம் வரைந்தார். படங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் அன்றைக்கு மதுரையில் மேகம் இருந்ததா என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. இன்று நம் போன் செய்வதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

நிறமும் ஒரு யூகம்தான்

கிண்ணங்களுக்கு நிறம் தெரியாது. ஒளியை எண்ண மட்டுமே தெரியும். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வழி இது: ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் ஒரு நிறக் கண்ணாடி. பாதி பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு நிறம் மட்டுமே உண்மையில் அளக்கப்படுகிறது. மீதி இரண்டும் அக்கம்பக்கத்துக் கிண்ணங்களைப் பார்த்துக் கணக்கிடப்படுபவை.

அதற்குமேல் ஒயிட் பேலன்ஸ். காலை வெயில் மஞ்சள், நிழல் நீலம். நம் மூளை இதைத் தானே சரிசெய்துகொள்ளும், கேமராவால் முடியாது. அதனால் மறுபடியும் யூகம். ஆட்டோ ஒயிட் பேலன்ஸின் எளிய வடிவம், "காட்சியின் சராசரி நிறம் நிறமற்ற சாம்பல்" என்று எடுத்துக்கொள்கிறது. வெளிச்சத்துக்குச் செய்த அதே யூகத்தை நிறத்துக்கும் செய்கிறது, பாருங்கள். தண்ணீர் பழுப்பாக ஃபிரேமை நிரப்பியிருந்தால், "ஓ, வெளிச்சம் மஞ்சள் போலிருக்கிறது" என்று நினைத்து நீலத்தைக் கூட்டிவிடும். பெரியவர் பார்த்த "சோக்கான" ஆறு இப்படித்தான் பிறந்தது. நான் பதிவு செய்ய நினைத்த விஷயத்தையே கேமரா கோளாறு என்று எண்ணித் துடைத்துவிட்டது.

இந்த முடிவுகள் எல்லாம் ஜேபெக் ஃபைலில் கெட்டியாக உறைந்துவிடும், ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். ரா ஃபைலில் கிண்ணத்தின் கணக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கும். 14 பிட் என்றால் 16,384 படிகள். ஒயிட் பேலன்ஸை வீட்டுக்கு வந்த பிறகு நாமே முடிவு செய்யலாம்.

இப்போது நான் எடுக்கும் விதம்

இரண்டாம் வருஷத்துக்கு ஒரு நடைமுறை வைத்துக்கொண்டேன். ஏரி, கிணறு, சுவர் விரிசல், செடி வளர்ச்சி என்று எதைத் தொடர்ந்து பதிவு செய்தாலும் இது உதவும்.

1. அதே இடம், அதே நேரம், அதே குவியத் தூரம். தரையில் ஒரு அடையாளம் வைத்துக்கொள்கிறேன்.

2. ரா ஃபைல், மேனுவல் மோட். வெயில் என்றால் மேலே சொன்ன விதி. மேகம் என்றால் ஹிஸ்டோகிராம் பார்த்து ஷட்டரை மட்டும் மாற்றுகிறேன்.

3. ஒயிட் பேலன்ஸ் எப்போதும் "வெயில்" குறியில் நிலையாக.

4. ஒவ்வொரு முறையும் முதல் படத்தில் 18 சதவீத சாம்பல் அட்டை ஃபிரேமுக்குள் இருக்கும். அட்டையின் மேல் விழுவதும் கரையின் மேல் விழுவதும் ஒரே ஒளியாக இருக்க வேண்டும். மொத்த முறையின் முதுகெலும்பு இந்த அட்டைதான். பன்னிரண்டு மாதமும் அட்டை ஒரே சாம்பலாக வரும்படி கணினியில் சரிசெய்தால், மிச்சமிருக்கும் வித்தியாசத்தைப் பெருமளவு ஆற்றின் கணக்கில் எழுதலாம்.

5. கேமரா கடிகாரத்தைக் கிளம்பும் முன் சரிபார்க்கிறேன். வீட்டுக்கு வந்ததும் மூல ஃபைலைத் தொடாமல் பிரதி எடுத்து, அதன் ஷா-256 ஹேஷ் எண்ணைக் குறித்து வைக்கிறேன். ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் சட்டத்தில், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் படிவத்திலேயே ஹேஷ் எண்ணுக்கு இடம் இருக்கிறது. நாளைக்கு யாராவது "இது எடிட் பண்ணின படம்தானே?" என்று கேட்டால், பதில் சொல்ல ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

கவனியுங்கள், இந்தப் பட்டியலில் விலை உயர்ந்த கேமரா எதுவும் இல்லை. ரா வசதியும் ப்ரோ மோடும் உள்ள போன்கூடப் போதும். மேனுவல் மோடில் எடுத்தால்தான் கலைஞன் என்றும் நான் சொல்ல வரவில்லை. பிறந்தநாள் விழாவுக்கு ஆட்டோவே நல்லது, நானும் ஆட்டோதான். படம் அழகாக இருப்பதற்கும் படம் சாட்சியாக இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சாட்சி வேண்டும் என்றால் யூகங்களைக் கேமராவிடம் விடக்கூடாது.

புது முறையில் எடுத்த படம் ஒன்றை அந்தப் பெரியவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆங், இது நம்ம ஆறு" என்றார். அதில் அவருக்கு ஒன்றும் சந்தோஷம் இல்லை. எனக்கும்தான். ஆனால் படம் சரி.

முதல் வருஷத்து 12 படங்களையும் நான் அழிக்கவில்லை. நிறத்தை நம்ப முடியாது என்றாலும், சாம்பலின் ஓரம் எந்தக் கல் வரை வந்தது, தண்ணீர் எந்தப் படி வரை நின்றது என்பது அவற்றில் தெளிவாகவே இருக்கிறது. ஒளியில் ஏமாந்த கேமரா இடத்தில் ஏமாறவில்லை. அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் தனியாக எழுதுகிறேன். அதுவரை, ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த மூன்று தட்டுச் சோதனையை ஒரு தடவை செய்து பாருங்கள். பத்து நிமிஷம் ஆகும்.